பள்ளிக்கூடம் முகாமான நாட்கள்: 1977 முதல் கஜா வரை



இன்று நவம்பர் 12. எங்கள் பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது இந்தத் தேதியைச் சொல்லிப் பாருங்கள். "புயலடிச்ச நாளு" என்பார்கள். 1977ஆம் ஆண்டு இதே நாள் விடியும் முன்பாகத்தான் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே அந்தப் புயல் கரை கடந்தது. அப்போது புயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் நம் பக்கம் இல்லை. அதனால் அது இன்றுவரை "எழுபத்தேழு புயல்" மட்டும்தான்.

புயலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது புயலுக்கு மறுநாள் தொடங்கும் கதையை, அதாவது முகாமின் கதையை. முப்பத்தைந்து ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்ததால் முகாமை வாசலுக்கு உள்ளே நின்று பார்த்திருக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1977இல் எனக்கு வயது 19. ஆசிரியர் பயிற்சி இரண்டாம் ஆண்டு. தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் இருக்கிறது. அன்று நாகப்பட்டினம் தனி மாவட்டம் இல்லை, எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம்தான். எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. வானொலியில் எச்சரிக்கை சொன்னார்கள். ஆனால் வானொலிப் பெட்டி இருந்த வீடுகள் எங்கள் ஊரில் நான்கைந்துதான். இந்தியாவின் இன்சாட் 1பி செயற்கைக்கோள் மேலே போனதே 1983இல். இன்றைக்குக் கைப்பேசியில் சுழல் படமாகப் பார்க்கிறோமே, அப்படி எதுவும் அன்று எங்கள் கண்ணுக்கு எட்டாது.

அமாவாசைக்கு மறுநாள் என்பதால் கும்மிருட்டு. முதலில் வாடைக்காற்று. பிறகு மேற்கே திரும்பியது. விடியும்போது தென்மேற்கிலிருந்து அடித்தது. காற்று ஏன் இப்படித் திசை மாறியது என்பது வகுப்பில் பாடம் நடத்தும்போதுதான் எனக்கே தெளிவாகப் புரிந்தது. நம் பகுதியில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்குக் கரையில் ஏறும் புயலின் வடபக்கத்தில் இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், தண்ணீரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். தென்பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு பக்கத்திலிருந்து ஊதிப் பாருங்கள், எதிர்ப்பக்கம் ததும்பும். ஆழம் குறைந்த கடலில் அதுதான் நடக்கிறது. நாங்கள் அன்று புயலின் தென்பக்கம் இருந்தோம். கடல் ஊருக்குள் வரவில்லை. ஆனால் கூரை என்று ஒன்று எந்த வீட்டிலும் மிஞ்சவில்லை.

அந்தப் புயலில் 560 பேர் இறந்தார்கள், பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள், 23,000 மாடுகள் மாண்டன என்பது வானிலைத் துறை தரும் கணக்கு. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவானது. கடற்கரையிலிருந்து அவ்வளவு தூரம் உள்ளே போன பிறகும் அந்த வேகம்!

எங்கள் ஊரில் அன்று காறைச் சுவர் உள்ள பொதுக் கட்டடம் பள்ளிக்கூடம் மட்டும்தான். அதிலும் ஒன்று ஓட்டுக் கட்டடம், இன்னொன்று ஓலைக் கொட்டகை. இரவு பத்து மணிக்கே சனங்கள் வந்துவிட்டார்கள். இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் எழுத வேண்டும். ஓட்டுக் கட்டடத்தில் ஊர்த் தெருக்காரர்கள் உட்கார்ந்தார்கள். சேரியிலிருந்து வந்தவர்கள் ஓலைக் கொட்டகையில் உட்காரவைக்கப்பட்டார்கள். கீழவெண்மணி நடந்து ஒன்பது ஆண்டுகள் முடியாத காலம் அது. யாரும் வாய்விட்டு உத்தரவு போடவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பின்னிரவில் கொட்டகை சரிந்தது. அப்போது தலைமையாசிரியர் ஓட்டுக் கட்டடத்தின் கதவைத் திறந்து, "எல்லாரும் உள்ள வாங்க" என்றார். சிலர் முணுமுணுத்தார்கள். அவர் கதவைச் சாத்தவில்லை. விடியும்வரை எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஈரத் துணியோடு இருந்தோம். அந்தப் பள்ளியில் சமத்துவப் பாடம் நடந்த முதல் இரவு அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் என் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார்கள். "கையெழுத்து நல்லாருக்கு, நீ எழுதும்மா" என்றார் பட்டாமணியார். குடும்பத் தலைவர் பெயர், தகப்பன் பெயர், வீட்டின் நிலை, செத்த ஆடுமாடு. பட்டியலில் பெயர் இருந்தால்தான் அரிசி. மாலையில் ஓர் அம்மா வந்து என் முன்னால் நின்றார். கணவர் விட்டுப் போய்ப் பல வருடமாகியிருந்தது. "என் பேர எங்கம்மா எழுதியிருக்க?" என்று கேட்டார். எங்கும் எழுதவில்லை. குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்றே நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன், ஒரு பெண்ணாக இருந்தும்! நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படி விட்டுப்போன பதினோரு பெண்களின் பெயர்களைச் சேர்த்தோம். முகாம் என்றால் கூரையும் சோறும் மட்டுமல்ல, பெயர் பதிவதும்தான் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

எங்கள் புயலுக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, ஆந்திராவில் கிருஷ்ணா ஆறு இரண்டாகப் பிரிந்து கடலில் சேரும் திவிசீமையில் இன்னொரு புயல் இறங்கியது. அங்கே கடல் எழும்பி ஊர்களுக்குள் புகுந்தது. இறந்தவர்கள் சுமார் 10,000 பேர். தப்பித்து ஏற மேடும் இல்லை, உறுதியான கட்டடமும் இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன், 1970இல், இதே நவம்பர் 12 இரவில்தான் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவையும் சுற்றியுள்ள கரையையும் புயல் அழித்தது. மூன்று லட்சத்துக்குக் குறையாத உயிர்கள் போயின. ஐந்து லட்சம் என்போரும் உண்டு. உலக வரலாற்றில் இவ்வளவு உயிர் குடித்த புயல் வேறில்லை.

இந்த இரண்டு பேரழிவுகளும்தான் வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளுக்கு ஒரு பாடம் சொன்னவை. புயலை நிறுத்த முடியாது, ஆனால் ஆட்களை முன்னதாக நகர்த்த முடியும், நகர்த்தினால் தங்கவைக்க இடம் வேண்டும். வங்கதேசம் 1972இல் புயல் முன்னேற்பாட்டுத் தொண்டர் படையைத் தொடங்கியது. ஊருக்கு ஊர் தொண்டர்கள், ஒலிபெருக்கி, கொடி. மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சனங்கள் வீட்டிலேயே தங்கிச் செத்ததைப் பார்த்து, மாடுகளை ஏற்ற மண்மேடுகள் கட்டினார்கள். அவற்றை "முஜிப் கில்லா" என்கிறார்கள். அப்படியும் 1991 ஏப்ரல் 29 புயலில் 1,38,000 பேர் இறந்தார்கள். பெண்களின் சாவு ஆண்களைவிடப் பல மடங்கு. ஆண்களோடு ஒரே கூடத்தில் எப்படித் தங்குவது, கழிப்பறைக்கு எங்கே போவது என்ற தயக்கமும் அதற்கு ஒரு காரணம். பிறகு காப்பிடங்கள் பெருகின. 2007 நவம்பரில் சிதர் புயல் மிகக் கடுமையாக வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400. அதுவும் பெரிய எண்ணிக்கைதான். ஆனால் 1970ஐ நினைத்துப் பாருங்கள்.

நம் நாட்டிலும் அப்படியே. 1990 மே மாதம் ஆந்திராவில் திவிசீமைப் புயலுக்கு நிகரான ஒன்று வந்தது. பல லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். இறந்தவர்கள் ஆயிரத்துக்குக் கீழ். ஒடிசாவில் 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேர் போனார்கள். 2013இல் பைலின் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேரை நகர்த்தியதால் சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. எந்தப் போரிலும் இத்தனை உயிர் இவ்வளவு அமைதியாகக் காப்பாற்றப்பட்டதில்லை. இதற்கு வெற்றி விழாவும் கிடையாது.

நம் ஊரில் இந்தக் காப்பிடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். ஏன் பள்ளிக்கூடம்? சாவி யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் எழுத ஆள் உண்டு. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. சமையல்கூடம், பெரிய அண்டா, அமைப்பாளர், சமையலர் எல்லாம் ஊருக்குள்ளேயே தயார். 1977இல் நூறு பேருக்குக் கஞ்சி காய்ச்ச அண்டா தேடி மூன்று ஊர் அலைந்தோம். 2008இல் அரிசி வந்த அரைமணி நேரத்தில் உலை வைத்தோம். பிள்ளைகளுக்காக வந்த திட்டம் முகாமையும் மாற்றிவிட்டது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் கருகிய பிறகுதான் பள்ளிகளின் ஓலைக் கூரைகள் இறங்கின. எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் அதன் பிறகுதான் முழுமையாகக் கான்கிரீட் கிடைத்தது. நம் பாதுகாப்புக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

ஆனால் பள்ளிக்கூடம் முகாமாவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பள்ளியை ஒருநாள் திறந்தாக வேண்டும். வீடு இல்லாதவர்கள் எங்கே போவது?

2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் காரைக்கால் அருகே கரையேறியது. காற்றைவிட மழைதான் அதில் கொடுமை. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர்! டெல்டா முழுவதும் ஏரிபோல நின்றது. நான் அப்போது எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. அறுபத்து மூன்று குடும்பங்கள் பள்ளியில் தங்கின. செயல்வழிக் கற்றல் அட்டைகள் பாதி நனைந்துவிட்டன. பெஞ்சுகளை உடைத்து அடுப்பெரித்துவிட்டார்கள் என்று எனக்குக் கோபம். ஐந்தாம் வகுப்புக்கு அரையாண்டுத் தேர்வு வேறு. எட்டாம் நாள் நானே மேலே எழுதிக் கேட்டு, பள்ளியைக் காலி செய்ய வைத்தேன். மழை விட்டிருந்தது, ஆனால் தெருக்களில் முழங்கால் தண்ணீர் வடியவில்லை.

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோரும் இறங்கிப் போனார்கள். கடைசியாக ஒரு பாட்டி நின்று, "டீச்சர், பரிச்ச முடிஞ்சதும் திரும்ப வரலாமா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அனுமதி கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். தேர்வு நடந்தது. இருபத்தொரு பிள்ளைகளில் ஒன்பது பேர் வரவில்லை. அவர்கள் அந்த அறுபத்து மூன்று குடும்பத்துப் பிள்ளைகள். யாருக்காகப் பள்ளியைக் காலி செய்தேனோ அவர்களே இல்லாமல் தேர்வு நடத்தினேன். அதற்கு விதிமுறையைக் காரணம் காட்டலாம், காட்டியும் இருக்கிறேன். இன்று காட்டவில்லை. அது என் தவறு.

இந்த இடத்தில் தனுஷ்கோடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்கு முன்னும் பின்னும் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே. நிலையத்தை நெருங்கிய பயணிகள் ரயிலும் அதில் இருந்தவர்களும் கடலோடு போனார்கள். பாம்பன் பாலத்தின் 146 கண்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலத்தைச் சரிசெய்தார்கள். இன்றும் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் தனுஷ்கோடி? வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தார்கள். சில மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கின்றன. பாலம் 46 நாளில் மீண்டது, ஊர் அறுபது ஆண்டாகியும் மீளவில்லை. முகாம் மூடுவது வேறு, மக்கள் மீள்வது வேறு. அந்த இரண்டையும் நாம் ஒன்றாகக் கணக்குப் போட்டுவிடுகிறோம்.

பிறகு கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை. நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு. இந்த முறை அரசு முன்கூட்டியே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுவந்துவிட்டது. அதனால்தான் பெருங்கணக்கில் உயிர் போகவில்லை. ஆனாலும் 45க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். புயல் போன பிறகுதான் முகாம் பெருத்தது. சுமார் 500 முகாம்களில் இரண்டரை லட்சம் பேர். தென்னை, மா, முந்திரி, வேதாரண்யத்து மல்லிகை எல்லாம் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் ஒரு லட்சம் அளவுக்குச் சாய்ந்தன. தென்னை வைத்தவனுக்கு வீடு ஒரு நாளில் போனால், வருமானம் அடுத்த ஐந்தாறு வருடத்துக்குப் போனது. நட்ட கன்று காய்க்க அத்தனை காலம் ஆகும்.

புதிய தலைமையாசிரியை என் மாணவி. என்னைப் பார்த்ததும், "டீச்சர், எப்ப பள்ளிக்கூடத்தத் தொறக்கிறதுன்னு கேக்குறாங்க, என்ன பண்றது?" என்றாள். அந்தப் பாட்டியைப் பற்றி அவளிடம் சொன்னேன். உட்கார்ந்து யோசித்தோம். மூன்று அறைகள் முகாமுக்கு, இரண்டு அறைகள் வகுப்புக்கு. முகாமில் இருந்த பிள்ளைகளே முதலில் வகுப்புக்கு வந்தார்கள். வெளியே இருந்த பிள்ளைகள் மெல்ல மெல்லச் சேர்ந்தார்கள். பாடப்புத்தகம் நனைந்தவர்களுக்குப் பக்கத்துப் பிள்ளை படித்துக் காட்டியது. சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் மிச்சத்தில் ஆடுமாடுகளைக் கட்டச் சொன்னோம். அதைச் சொன்ன பிறகுதான் இடிந்த வீட்டில் தங்கிக்கிடந்த நான்கு பெரியவர்கள் முகாமுக்கே வந்தார்கள். பெண்களுக்கு ஓர் அறை தனியாக, உள்தாழ்ப்பாளோடு. முதல் நாளே ஒரு பெண் என் காதில் சொன்னது "நாப்கின் வேணும் டீச்சர்" என்பதைத்தான். நிவாரண லாரிகளில் பிரெட்டும் மெழுகுவத்தியும் வந்துகொண்டே இருந்தன. இதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

லாரிகள் பெரிய சாலையிலேயே காலியாகிவிடும். உள்ளே ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தெருவுக்கு எதுவும் போகாது. அதனால் மறுபடியும் ஒரு நோட்டு. இந்த முறை ஒவ்வொரு வீட்டிலும் உள்ள எல்லோர் பெயரையும் எழுதினோம். தலைவர் பெயரை மட்டுமல்ல. யாருக்குத் தார்ப்பாய் கிடைத்தது, யாருக்கு இல்லை, எந்தக் குடும்பம் என்று வீடு திரும்பியது என்பதையும் எழுதினோம். முகாமின் கடைசிக் குடும்பம் இருபத்தாறாம் நாள் போனது. கூரை போட்டுவிட்டுத்தான் போனது. இரண்டாம் பருவத் தேர்வுக்கு எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள்.

அந்த 2008 பாட்டி அப்போது உயிரோடு இல்லை.

இப்போது நம் கடற்கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட பல்நோக்குக் காப்பு மையங்கள் இருக்கின்றன. நல்ல விஷயம். பூட்டியே கிடக்காமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது மோட்டார் ஓடுகிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சாவி யாரிடம் என்று ஊர்க்காரர்கள் போய்ப் பார்க்க வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன் பார்ப்பது உத்தமம்.

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளி முகாமாக இருந்திருந்தால், அந்த நாட்களை ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வையுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கம் தண்ணீர் ஏறியது, எது போதவில்லை, எந்தத் தவறு செய்தோம் என்று எழுதுங்கள். பள்ளி ஆண்டு விழா ஆல்பம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. முகாம் நோட்டு எந்தப் பள்ளியிலும் இல்லை. ஒவ்வொரு புயலுக்கும் நாம் முதல் வகுப்பிலிருந்தே தொடங்குவதற்கு அதுதான் காரணம்.

எங்கள் பள்ளியில் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் அந்தப் பாட்டி கேட்ட கேள்வியை எழுதிவைத்திருக்கிறோம். அடுத்து வரும் தலைமையாசிரியர் யாராக இருந்தாலும் காலி செய்யச் சொல்லும் முன் அதைப் படிக்கட்டும்.

 மழைக்காலம், பத்திரமாக இருங்கள்.